வாசகர் கேட்டவை: ஹதீஸின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கே: எங்கள் பள்ளிவாசலில் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பின் பாடம் நடக்கிறது. கல்லூரியில் படிக்கும் தம்பியோ, "ஹதீஸ் எல்லாம் நபிக்கு 200 வருஷம் கழித்துக் கட்டியது, மேல்நாட்டு அறிஞர்கள் நிரூபித்துவிட்டார்கள்" என்கிறான். நிஜமா?
(வாசகர், புதுநகரம், பாலக்காடு மாவட்டம்)

ப: தம்பி சொல்வது பழைய கதை. 1890-ல் கோல்ட்ஸிஹெர், 1950-ல் ஷாக்ட் என்ற மேல்நாட்டு ஆய்வாளர்கள் கிளப்பிய சந்தேகம் அது. பின்னால் வந்த மோட்ஸ்கி போன்ற மேல்நாட்டு ஆய்வாளர்களே ஷாக்டையே மறுத்திருக்கிறார்கள். புகாரி இறந்தது ஹிஜ்ரி 256-ல் (கி.பி. 870). ஆனால் அவருக்கு முந்திய தொகுப்புகளான மாலிக்கின் முவத்தாவும் அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃபும் இன்றும் கையில் இருக்கின்றன.

இன்றைய முறை இது: ஒரு ஹதீஸ் எந்தெந்த நூலில் வருகிறதோ அத்தனையையும் திரட்டி, அறிவிப்பாளர் தொடர்களை (யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற வரிசை) ஒரே தாளில் கிளை கிளையாக வரைவார்கள். "செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே" என்ற ஹதீஸைப் பாருங்கள். உமர், அல்கமா, முஹம்மது இப்னு இப்ராஹீம், யஹ்யா இப்னு ஸயீத் வரை ஒற்றைக் கோடு. யஹ்யாவிடமிருந்து ஏராளமான கிளைகள். கிளைகள் எல்லாம் வந்து சேரும் அவர்தான் "பொது இணைப்பு". இறந்தது ஹிஜ்ரி 143 வாக்கில். (யஹ்யா வழியாக அன்றி இது தெரியவில்லை என்று பழைய ஹதீஸ் தொகுப்பாளர் திர்மிதியே எழுதியிருக்கிறார். மேல்நாட்டார் வந்து கண்டுபிடித்ததல்ல!)

அடுத்து வாசகத்தை ஒப்பிட வேண்டும். இதே ஹதீஸ்தான் புகாரியின் முதல் ஹதீஸ். அங்கே "அல்லாஹ்வுக்காகவும் தூதருக்காகவும் ஹிஜ்ரத் (குடிபெயர்வு) செய்தவர்" என்ற பகுதி இல்லை. அதே நூலில் வேறு இடங்களில் இருக்கிறது. இப்படிச் சொல் மாறும் இடமும் தொடர் பிரியும் இடமும் பொருந்தி வந்தால், பொது இணைப்பின் காலத்திலேயே செய்தி புழங்கியது எனலாம். செய்தியைக் கட்டியவர் அந்தப் பொது இணைப்பு அல்லது அவர் பெயரைப் பயன்படுத்திய ஒருவர் என்றார் ஷாக்ட். அவர் முறையாகத் தொகுத்துப் பரப்பியவர் என்றார் மோட்ஸ்கி. எனக்கு மோட்ஸ்கி பக்கமே நியாயம் படுகிறது. அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃபில் உள்ள செய்திகள், அவருடைய ஆசிரியர்களான மஃமர் வழியாக 32, இப்னு ஜுரைஜ் வழியாக 29, ஸுஃப்யான் ஸவ்ரி வழியாக 22 சதவீதம் என்று ஏறுமாறாக வருகின்றன. மனம்போலக் கட்டுகிறவர் இப்படியா பங்கு போடுவார்?

சறுக்குவது எங்கே? புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளை மட்டும் வைத்து வரைந்தால் கிளைகள் விடுபட்டு, பொது இணைப்பே தவறாக வரும். இரண்டு மூன்று அறிவிப்புகள்தான் இருக்கிறதென்றால் எதுவும் சொல்ல முடியாது. ஒருவர் தொடரை இன்னொருவர் எடுத்து ஒட்டியிருக்கலாம் என்ற வரலாற்று ஆய்வாளர் மைக்கேல் குக்கின் ஆட்சேபமும் இன்னும் நிற்கிறது. மேலும், இந்த முறை காலத்தைத்தான் சொல்லும். நபி (ஸல்) சொன்னார்களா என்பதற்குத் தீர்ப்பு தராது.

கே: ஷாக்டுக்கு நம் நாட்டில் யாரும் பதில் எழுதவில்லையா?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

ப: உத்தரப் பிரதேசத்து மவூவில் பிறந்து தேவ்பந்தில் ஓதிய முஸ்தஃபா அஃஸமி, 1966-ல் கேம்பிரிட்ஜ் முனைவர் பட்ட ஆய்விலேயே ஷாக்டுக்குப் பதில் எழுதினார். ஷாக்ட் சட்ட நூல்களை வைத்து எடை போட்டார். அவற்றில் முழுத் தொடரையும் எழுதும் வழக்கமே இல்லை, ஹதீஸ் நூல்களில் பார்த்திருக்க வேண்டும் என்பது அஃஸமியின் வாதம்.