தாலுகா ஆபீஸ் மழைமானி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைக் கல்லூரி நாட்களிலிருந்து வாசித்து வருகிறேன். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தேன். குரூப் 4 எழுதி, இப்போது ஒரு தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை.

காலையில் போனதும் வளாகத்தில் இருக்கும் மழைமானியைப் பார்த்து, அளவைக் கலெக்டர் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். படித்த இயற்பியலுக்கு இதாவது மிஞ்சியதே என்று உடன் வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் ‘நில்’, அதாவது மழை இல்லை, என்றுதான் போடுகிறேன். அப்புறம் தபால் பதிவேடு, மனுக்களுக்கு எண் போடுவது, கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளுவது. என்னோடு படித்த ஒருவன் மலைக்கிராமத்தில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் பாடம் நடத்துகிறான். பிள்ளைகளோடு அவன் எடுத்துப்போடும் படங்களைப் பார்க்கும்போது, நான் எதற்கு இருக்கிறேன் என்று தோன்றிவிடுகிறது. என் வேலையால் யாருக்காவது ஏதாவது நல்லது நடக்கிறதா? விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் அந்த மழைமானியைப் பற்றிப் பேசலாமா? கிண்டலோடு கிண்டலாக அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது அப்படிக் கடந்துபோகிற விஷயமாகத் தெரியவில்லை.

1899இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. அந்த வருடம் மழை நன்றாகவே இருக்கும் என்று வானிலைத் துறை சொல்லியிருந்தது. வந்தது பஞ்சம். அப்போது துறையின் தலைவராக இருந்த ஜான் எலியட்டுக்குப் பிறகு, 1904இல் அந்தப் பதவிக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். பூமராங் எறிவதில் பைத்தியம். வானிலையியலில் எந்தப் பயிற்சியும் கிடையாது. அடுத்த பருவமழை எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. கணக்குத் தெரிந்தவர், கணக்குப் போட்டார். இந்தியாவின் மழை, தென் அமெரிக்காவில் காற்றழுத்தம், ஆஸ்திரேலியாவின் டார்வினில் காற்றழுத்தம், நைல் நதி வெள்ளம் என்று உலகம் முழுக்க இருந்த பதிவுகளைத் திரட்டி, எது ஏறும்போது எது இறங்குகிறது என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அவ்வளவையும் கையால் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தவர்கள் அவர் அலுவலகத்து இந்தியக் குமாஸ்தாக்கள்.

அதிலிருந்து கிடைத்ததுதான் ‘தென் அலைவு’. பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. ஏன் என்று வாக்கரால் சொல்ல முடியவில்லை. எதற்காக இந்த வேலையைத் தொடங்கினாரோ, அந்தப் பருவமழைக் கணிப்பும் அவர் விரும்பிய அளவுக்குக் கைகூடவில்லை. 1924இல் ஓய்வு, 1958இல் மரணம். 1969இல்தான் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி, பசிபிக் கடல்நீர் சூடாகும் எல் நினோவும் வாக்கர் கண்ட அலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று விளக்கினார். இன்று டிவி செய்தியில்கூட எல் நினோ என்கிறார்கள். எல் நினோ வரும் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்யும் போக்கு உண்டு. 2015 அப்படி ஒரு கடுமையான எல் நினோ ஆண்டு. அந்த டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் வாக்கர் இல்லை. அவருக்கு முன்னால், ஏதோ ஒரு தாலுகா கச்சேரியின் வாசலில் மழையை அளந்து நோட்டில் எழுதிய குமாஸ்தா. பெயர் எங்கேயும் இல்லை. சம்பளம் சொற்பமாகத்தான் இருந்திருக்கும், அதிகாரியின் அதட்டல் சொற்பமாக இருந்திருக்காது. தன் எண்கள் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. வெறுமனே சரியாக அளந்தார், சரியாக எழுதினார். அவர் வீட்டிலிருந்தபடியே குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டிருந்தால், பின்னால் வந்த கணக்கெல்லாம் குப்பை.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்தக் குமாஸ்தாதான். பலனைக் கண்ணால் பார்த்தால்தான் வேலைக்கு அர்த்தம் என்று வைத்துக்கொண்டால், உலகத்தில் பெரும்பாலான வேலைக்கு அர்த்தமில்லை என்று ஆகிவிடும். பலன் வேறு யார் வீட்டிலோ, வேறு காலத்திலோ போய் இறங்குகிறது. உங்கள் நண்பருக்கும் இதே கதைதான். படத்தில் சிரிக்கிற பிள்ளை பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குப் படம் கிடைக்கிறது, உங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உங்களால் தெரிந்துகொள்ள முடிகிற விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் இன்றைக்கு எழுதியதை நம்பி இன்னொருவர் அடுத்த வேலையைச் செய்யலாமா, கூடாதா?

மழைமானியில் இதை நன்றாகவே சோதித்துப் பார்க்கலாம். காலை எட்டரைக்கு அளக்க வேண்டும் என்பது விதி. கிரீன்விச் நேரப்படி அதிகாலை 3 மணி. முந்தைய எட்டரையிலிருந்து இந்த எட்டரை வரை பெய்தது இன்றைய கணக்கு. சனிக்கிழமை இரவு 40 மி.மீ., ஞாயிறு இரவு 40 மி.மீ. பெய்தது என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை, திங்கட்கிழமை காலை மொத்தமாக அளந்து 80 என்று எழுதிவிட்டார்கள். மாதக் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும், ஆடிட்டில் யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பாலமோ மழைநீர் வடிகாலோ எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளர், அந்த ஊரில் ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். அவருக்குக் கிடைப்பது நடக்காத ஒரு மழை.

கனமழை நாளில் சிக்கல் இன்னும் பெரிது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அந்த மாதிரி மழையில் எட்டரை வரை காத்திருந்தால் மானிக்குள் இருக்கும் புட்டி நிரம்பி வழிந்துவிடும். நடுவே போய் அளந்து, காலி செய்து, மறுபடி வைக்க வேண்டும். ஊரே வெள்ளத்தில் இருக்கும்போது ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு மழையை அளக்கப் போவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அந்த எண்ணைக் கேட்டுத்தான் மறுநாள் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் போன் வரும்.

அப்புறம் உங்கள் ‘நில்’. நீங்கள் இயற்பியல் படித்தவர், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காலியாக விட்ட கட்டமும் சுழியமும் ஒன்றில்லை. சுழியம் என்றால் ஒருவர் போய்ப் பார்த்தார், மழை இல்லை. காலி என்றால் யாரும் பார்க்கவில்லை. வறட்சி நாட்கள் அத்தனையும் சுழியங்களால்தான் நிரூபிக்கப்படுகின்றன. வருடத்தில் முக்கால்வாசி நாள் நீங்கள் அனுப்புவது அதுதான்.

மனுவுக்கு எண் போடுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம். எண் இல்லாத மனு தொலைந்தால், அது வந்ததற்கே சாட்சி இல்லை. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக்கொடுத்த ஒரு பாட்டிக்கு அந்த எண்தான் கையில் இருக்கிற ஒரே பிடிமானம். எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக எழுதிக்கொடுங்கள்.

இவ்வளவு சொன்னதால், எந்த வேலையும் உயர்ந்ததுதான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பேச்சில் எனக்கு எரிச்சல் உண்டு. சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்கிவிட்டு, அவர் செய்வது சேவை, புனிதப் பணி என்று மாலை போடுகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் விஷவாயுவில் சாவு நின்றபாடில்லை. அங்கே வேலைக்கு அர்த்தம் தேடச் சொல்வது அயோக்கியத்தனம். அங்கே தேவை இயந்திரம், நியாயமான சம்பளம், மாற்று வேலை. குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்க ‘அர்த்தமுள்ள பணி’ என்று சொல்லும் தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. உங்கள் நண்பரிடம் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் படுவது வேலையின் பயனின்மை இல்லை, படித்த இயற்பியல் சும்மா கிடக்கிற அலுப்பு. அலுப்பு உண்மையானது, அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்குப் போக வழியிருந்தால் போங்கள். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்க்காமல் நான் ‘விடு’ என்றோ ‘விடாதே’ என்றோ சொல்வது பொறுப்பில்லாத காரியம்.

அதுவரை ஒன்று செய்யலாம். உங்கள் ஆபீஸ் பதிவறையில் பழைய மழைப் பதிவேடுகள் எங்காவது கட்டிப் போடப்பட்டிருக்கும். கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும் மிஞ்சியது எவ்வளவோ அவ்வளவு. தாசில்தாரிடம் முறையாகக் கேட்டு, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, எக்ஸெல்லில் ஏற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மழை குறைவாகவும் திங்கட்கிழமைகளில் அதிகமாகவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், எந்த வருடங்களில் ஒழுங்காக அளந்திருக்கிறார்கள், எந்த வருடங்களில் அளக்கவில்லை என்பது தெரிந்துவிடும். உங்கள் எம்.எஸ்ஸி. புள்ளியியலே அதற்குப் போதும்.

பதிவேடு எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.