துரோல்துஸ் எழுதினாரா, எடுத்தெழுதினாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய பிரெஞ்சு மொழியிலுள்ள 'ரோலாந்தின் பாடல்' பற்றிய கட்டுரையில் அதை ஆசிரியர் பெயர் தெரியாத காவியம் என்கிறீர்கள். என்னிடமுள்ள மொழிபெயர்ப்பின் அட்டையில் துரோல்துஸ் என்று போட்டிருக்கிறது. எது சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அட்டையில் பெயர் போட்டவர் துணிச்சல்காரர். அதற்கு இருக்கும் ஆதாரம் ஒரே ஒரு அடிதான். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலுள்ள 12-ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதியில், நாலாயிரம் அடி ஓடிய பிறகு கடைசியாக இப்படி வருகிறது: 'சி ஃபல்த் ல ஜெஸ்தெ கெ துரோல்துஸ் தெக்லினெத்.' துரோல்துஸ் என்னவோ செய்த கதை இங்கே முடிகிறது. அந்த 'என்னவோ'வில்தான் இத்தனை சண்டையும்.

தெக்லினெத் என்றால் இயற்றினார், பாடினார், பிரதியெடுத்தார், மொழிபெயர்த்தார் என்று ஆளாளுக்கு ஒரு பொருள் சொல்கிறார்கள். நடுவிலுள்ள 'கெ'யை 'ஏனென்றால்' என்று படித்தால் இன்னும் வேடிக்கை: துரோல்துஸ் தளர்ந்துவிட்டார், அதனால் கதை நின்றது! கை ஓய்ந்துபோன ஒருவர் எழுதுகோலைக் கீழே வைக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும். நிரூபிக்கத்தான் வழியில்லை.

'ஜெஸ்தெ', அதாவது வீரக்கதை, அதுவும் லேசுப்பட்ட சொல் இல்லை. காவியத்துக்குள்ளேயே கவிஞர் 'ஜெஸ்தெ இப்படிச் சொல்கிறது' என்று ஒரு பழைய ஏட்டைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். கடைசி அடியில் வருவதும் அதே ஏடுதான் என்றால், துரோல்துஸ் மூலக்கதையை எழுதியவராகிவிடுவார். நம் கவிஞர் வேறு ஆள்.

சரி, யார் இந்த துரோல்துஸ்? 1098-இல் இறந்த, இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்தலைவர் ஒருவருக்கு அந்தப் பெயர். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும் பேயூ பூவேலைத் துணியில் குதிரைகளைப் பிடித்து நிற்கும் குள்ள மனிதர் அருகிலும் அதே பெயர் தைத்திருக்கிறது. வடபிரான்சின் நார்மன்களிடம் புழங்கிய பெயர், அவ்வளவுதான்.

ஆசிரியர் என்று ஒருவரே இல்லை, கதை பல வாய்களில் வளர்ந்தது என்பாரும் உண்டு. அப்படி வளர்ந்ததை நான் மறுக்கவில்லை. 778-இல் பிரனீஸ் மலைக்கணவாயான ரோன்ஸ்வோவில், பிராங்க் அரசர் சார்லமேனின் பின்படையைத் தாக்கியவர்கள் அந்த மலைப்பகுதியின் பாஸ்க் மக்கள். காவியத்தில் அவர்கள் சாரசன்களாக, அதாவது முஸ்லிம்களாக, ஆகிவிட்டார்கள். ஆனால் அந்தக் கொம்புக் காட்சியைப் பாருங்கள். கொம்பை ஊதி சார்லமேனை உதவிக்கு அழை என்று தோழன் ஒலிவியே மூன்று முறை கெஞ்சுகிறான், பின்படைத் தலைவன் ரோலாந்து மறுக்கிறான். பிறகு படை அழிந்ததும் ரோலாந்து ஊதப் போகிறான்; இப்போது ஒலிவியே தடுக்கிறான், முதலில் ரோலாந்து சொன்ன மானப்பேச்சையே திருப்பிப் போட்டு. இதைக் கூட்டம் கூடிச் செய்ய முடியாது. ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர் பெயர் துரோல்துஸ்தானா என்பதைத்தான் அந்த ஒற்றை அடியை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அட்டையிலுள்ள பெயரை அடிக்க வேண்டாம். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.