மோட்டார்ஹோம் வாங்கும் முன்: லாரி சேசிஸின் மேல் அமர்ந்த வீட்டைப் பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்காவில் லாரி சேசிஸின் மேல், அதாவது எஞ்சினும் சக்கரங்களும் கொண்ட அடிச்சட்டத்தின் மேல், கட்டப்படும் பெரிய மோட்டார்ஹோம்களைப் பற்றிச் சில மாதங்களாகவே வாசகர்கள் கேட்டு வருகிறார்கள். பதினோரு ஆண்டுகளாக அப்படியொரு வண்டியை வைத்து ஓட்டி வருபவன் என்ற முறையிலும், வாங்கும்போது பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் பின்னால் செலவழித்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து வரும் அப்பா, அம்மாவையும் எங்கள் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை போய்வர, ஃபோர்டு எஃப்-53 சேசிஸில் கட்டிய 36 அடி நீளமுள்ள பழைய பெட்ரோல் மோட்டார்ஹோம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஏழு சீட் பெல்ட் இருக்கிறது, எவ்வளவு சாமான் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்கிறார் விற்பவர். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: சமையலறையையும் படுக்கையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வாசற்கதவைத் திறந்து, அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். 2008 ஜூனுக்குப் பிறகு தயாரான ஒவ்வொரு மோட்டார்ஹோமிலும் அது இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்ற ஒரே எண் அதில் அச்சாகியிருக்கும். நிரம்பிய எரிபொருள் தொட்டியின் எடையை முன்பே கழித்துவிட்டுத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். குடிநீர்த் தொட்டியின் எடையைக் கழிப்பதில்லை. புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான்.

உங்கள் குடும்பத்துக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 2,400 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்குச் சராசரியாக 140 பவுண்டு என்றால் 840 ஆகிவிடுகிறது. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு எடை கொண்டது. 75 கேலன் தொட்டியை நிரப்பினால் சுமார் 626 பவுண்டு. மீதி 934 பவுண்டுக்குள்தான் அரிசி மூட்டை, குக்கர், மிக்சி, போர்வைகள், மடக்கு நாற்காலிகள், பிள்ளைகளின் சைக்கிள், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கருவிப்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். ஏழு சீட் பெல்ட் இருக்கிறது என்பதற்காக ஏழு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் அந்த வண்டிக்குத் தாங்கும் என்று பொருளில்லை.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே புரியும். வீட்டைக் கட்டும் நிறுவனம் சேசிஸைச் செய்வதில்லை. ஃபோர்டு நிறுவனம் நீண்ட இரும்புச் சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், அச்சுகள், சக்கரங்கள் ஆகியவற்றை மட்டும் கொண்ட வெறும் சேசிஸை அனுப்புகிறது. அதன் மேல் வேறொரு தொழிற்சாலை, பெரும்பாலும் இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்தில், வீட்டை எழுப்புகிறது. சேசிஸ் தாங்கக்கூடிய மொத்த எடை 18,000, 22,000, 24,000, 26,000 பவுண்டு என்று முன்கூட்டியே முடிவாகிவிட்ட ஒன்று. அதன் மேல் கல் பதித்த மேடை, மின்சாரக் கணப்பு, துணி துவைக்கும் எந்திரம், வண்டியை நிறுத்திய பின் வெளியே நீளும் 'ஸ்லைடு' அறையில் மூன்றாவதாக ஒன்று என்று எதைச் சேர்த்தாலும், அந்தப் பவுண்டு உங்கள் பெட்டிக்கும் உங்கள் அம்மாவின் சாமானுக்கும் உரிய இடத்திலிருந்தே போகிறது. வசதி கூடக்கூட ஏற்றும் திறன் குறையும் என்பதை எந்த விற்பனைக் கூடத்திலும் எனக்கு யாரும் தாமாகச் சொன்னதில்லை.

ஆகவே விலை பேசுவதற்கு முன்பே, எரிபொருளும் தண்ணீரும் நிரப்பிய நிலையில் வண்டியை எடை மேடையில் ஏற்றிக் காட்டும்படி கேளுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் 'கேட் ஸ்கேல்' என்ற பெயர்ப்பலகையோடு எடை மேடைகள் இருக்கின்றன. முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துச் சீட்டுக் கொடுப்பார்கள். மொத்த எடையை மட்டும் பார்த்தால் போதாது. என் வண்டியை மூன்றாவது பயணத்தின்போதுதான் முதன்முதலாக நிறுத்தேன். மொத்த எடை வரம்புக்குள் இருந்தது. பின் அச்சில் மட்டும் 640 பவுண்டு கூடுதல். எனக்கு விற்றவர் படுக்கையறை அலமாரியில் துவைக்கும் எந்திரம் ஒன்றைப் பொருத்தியிருந்தார். நானோ கருவிகளையும் புத்தகப் பெட்டிகளையும் பின்புறத்துக் கீழறைகளில் அடுக்கியிருந்தேன். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியும் பிள்ளைகளும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, பின் அச்சின் இரட்டைச் சக்கரங்களைக் குனிந்து பார்த்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எந்திரத்தை மறுவாரமே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுச் சுவரையும் ஒருமுறை கையால் சோதியுங்கள். ஸ்லைடு அறையின் கீழ் மூலைகளிலும், முன் கண்ணாடிக்கு மேலுள்ள அலமாரியின் உட்புறத்திலும் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். ஈரம் இறங்கிய பலகை ஊறிய ரொட்டியைப் போல உள்ளே அமுங்கும். அப்படி அமுங்கினால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் பார்த்திருக்கும் வண்டியில் டயர்களின் வரிகள் ஆழமாக, புதிதுபோல் இருக்கின்றன. வெறும் 21,000 மைல்தான் ஓடியிருக்கிறது. டயர் மாற்றும் செலவு இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. காரின் டயர் ஓடித் தேய்கிறது. மோட்டார்ஹோமின் டயர் நின்றே கெடுகிறது. ஆண்டில் பத்து மாதம் ஒரே இடத்தில் பாரத்தைத் தாங்கிக்கொண்டு வெயிலில் நிற்பதால், வரி தேயும் முன்பே ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விடுகின்றன. டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. இந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கலாம் என்பதால், டார்ச் விளக்கோடு வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்கவும் தயங்காதீர்கள்.

ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து ஆண்டானதை வரி எப்படியிருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது மிஷெலின் நிறுவனத்தின் அறிவுரை. என் கருத்தில், குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ஏழு ஆண்டே போதும். முன்டயர் ஒன்று வேகத்தில் வெடித்தால் இருபதாயிரம் பவுண்டு எடையுள்ள வண்டி அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். குட்இயர் நிறுவனம் 1996 முதல் 2003 வரை தயாரித்த ஜி159 ரக டயர்கள் மோட்டார்ஹோம்களில் பழுதடைந்து விபத்துகளை உண்டாக்கியதாகப் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் வற்புறுத்தலுக்குப் பின் 2022-இல்தான் அந்த ரக டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரில் குறையில்லை, காற்றுக் குறைவாகவோ பாரம் அதிகமாகவோ ஓட்டியதே காரணம் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. யார் சொன்னது சரி என்பது ஒருபுறமிருக்க, பாரத்தையும் காற்றையும் சரியாக வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. எடைச் சீட்டில் உள்ள அச்சு எடையை டயர் நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டே காற்றின் அளவை முடிவு செய்யுங்கள். அதையும் காலையில், வண்டி நகரும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள்.

கேள்வி: பெட்ரோலா, டீசலா? டீசல் வண்டிதான் நீடித்து உழைக்கும் என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள்.

பதில்: டீசல் வண்டி என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் எஞ்சின் பின்னால் இருக்கும் 'புஷர்' வகை. ஃப்ரைட்லைனர் அல்லது ஸ்பார்ட்டன் சேசிஸ், கம்மின்ஸ் எஞ்சின், அலிசன் கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன், ஏர் பிரேக் என்று அது முழுக்க லாரியின் குலம். ஓட்டுநர் இருக்கையில் எஞ்சின் சத்தமே கேட்காது. மலை இறக்கத்தில், எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எஃப்-53 வண்டியிலோ உங்கள் இருவருக்கும் நடுவிலுள்ள மூடிக்குக் கீழேதான் எஞ்சின் இருக்கிறது. ஏற்றத்தில் அது உயர்ந்த சுழற்சியில் கத்தும்போது பேச்சே கேட்காது. கோடையில் காலில் சூடு தெரியும். 2020-இல் பழைய 6.8 லிட்டர் எஞ்சினுக்குப் பதிலாக வந்த 7.3 லிட்டர் எஞ்சின் நல்ல வலுவுடையது என்றாலும், அது இருக்கும் இடம் மாறவில்லை.

ஆனால் டீசலின் நீண்ட ஆயுள் ஓடுகிற வண்டிக்குத்தான் பயன்படும். ஆண்டுக்கு மூன்று வாரம் மட்டும் ஓடி மற்ற நாளெல்லாம் நிற்கும் வண்டியில் எஞ்சினுக்கு முன்பே கூரையும் டயரும் பேட்டரியும் கெடும். டீசலுக்கு எண்ணெய் மாற்றுவதும் வடிகட்டி மாற்றுவதும் கூடுதல் செலவு. பிரேக்குக்குப் போகும் காற்றிலிருந்து ஈரத்தை நீக்கும் ஏர் டிரையர் ஒரு தனிச் செலவு. 2010-ஆம் ஆண்டின் மாசுக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு வந்த எஞ்சின்களுக்கு டெஃப் என்னும் யூரியாக் கரைசலும் வேண்டும். அந்தத் தொட்டியின் உணர்வி பழுதானால், எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும், கணினி வேகத்தை மணிக்கு ஐந்து மைலாகக் குறைத்துவிடலாம். எரிபொருள் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே கேலனுக்கு ஆறு முதல் பத்து மைல்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதமாவது சாலையில் இருப்பவர்கள், பின்னால் கார் இழுத்துக்கொண்டு ராக்கி மலைகளைக் கடப்பவர்கள் டீசலை வாங்கட்டும். பள்ளி விடுமுறையில் மட்டும் போகிற குடும்பத்துக்கு நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் வண்டியே போதும் என்பேன். எதை வாங்கினாலும், அதை உயர்த்தி நிறுத்தி வேலை பார்க்க உங்கள் ஊர்க் கார் பட்டறையால் முடியாது. லாரி பட்டறை எங்கே இருக்கிறது என்பதை இப்போதே தேடி வையுங்கள்.

கேள்வி: தனி ஓட்டுநர் உரிமம் வேண்டுமா?

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சஸில், தாங்கும் மொத்த எடை 26,000 பவுண்டுக்கு மேல் என்று மதிப்பிடப்பட்ட வண்டிக்கு வணிகம் சாராத பி வகுப்பு உரிமம் வேண்டும். அங்கே கணக்கு எடையை வைத்து. கலிபோர்னியாவில் கணக்கு நீளத்தை வைத்து: 40 அடி வரை சாதாரண சி வகுப்பு போதும், அதற்கு மேல் 45 அடி வரை வணிகம் சாராத பி வகுப்பு வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் புதிய மோட்டார்ஹோம் வாங்கி எட்டு மாதமாகிறது. ஸ்லைடு அறைக்குள் மழைநீர் இறங்குகிறது. ஐந்து மாதத்துக்கு மேல் பழுது பார்க்கும் இடத்திலேயே நிற்கிறது. குறையுள்ள புதிய வண்டியை வாங்கியவரைப் பாதுகாக்கும் 'லெமன் சட்டம்' உதவுமா?

பதில்: உங்கள் வருத்தம் முழுவதும் நியாயமானது. ஆனால் கலிபோர்னியாவின் லெமன் சட்டம் மோட்டார்ஹோமை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சேசிஸும் வண்டியை ஓடச் செய்யும் பகுதிகளும் புதிய மோட்டார் வாகனமாகக் கருதப்படும். குடியிருப்பதற்காக அமைந்த பகுதி அந்த வரையறைக்குள் வராது. எஞ்சின் திரும்பத் திரும்பக் கெட்டிருந்தால் கிடைக்கும் பாதுகாப்பு, ஒழுகும் சுவருக்கு அதே வடிவில் கிடைக்காது. அதற்காக வழியே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டுப் பகுதிக்கு எழுத்தில் கொடுத்த உத்தரவாதத்தை நிறைவேற்றாத நிறுவனத்தின் மீது, 1975-இல் நடைமுறைக்கு வந்த மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி வழக்குத் தொடரலாம். அதற்கு வேண்டியது காகிதம். ஒவ்வொரு முறையும் வண்டியை விட்ட தேதி, எடுத்த தேதி, நீங்கள் சொன்ன குறை உங்கள் சொற்களிலேயே பதிவான பணிச்சீட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். 'சோதித்தோம், குறை தெரியவில்லை' என்று எழுதிய சீட்டையும் விடாதீர்கள். பிறகு இத்தகைய வழக்கு நடத்தும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி வாங்க இருப்பவர்களுக்கு ஒன்று: சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், குளிர்பெட்டி, வீடு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறுவனம், தனித்தனி உத்தரவாதம். கையெழுத்திடும் முன் அத்தனை தாள்களையும் மேசை மீது பரப்பி, எது எந்த நாளில் முடிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு நெடுந்தூரம் ஓட்டுவது சிரமம். நான் ஐந்தடி உயரம். என்னால் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட முடியுமா?

பதில்: முடியும் அம்மா. உடல் வலு இதற்குத் தேவையில்லை, பழக்கம்தான் தேவை. இருக்கையையும் பெடலையும் உங்களுக்கு ஏற்றபடி சரிசெய்ய முடிகிறதா என்பதை மட்டும் வாங்கும் முன்பே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

இந்த வண்டியில் நீங்கள் முன்சக்கரத்துக்கு மேலேயோ அதற்கு முன்னாலேயோ அமர்ந்திருப்பீர்கள். காரில் திருப்பும் இடத்தில் திருப்பினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும். சந்திப்புக்குள் ஓர் ஆள் நீளம் கூடுதலாகப் போன பிறகே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இன்னொன்று, பின்சக்கரத்துக்கு அப்பால் பத்து, பன்னிரண்டு அடி நீட்டிக்கொண்டிருக்கும் வால். இடப்பக்கம் திருப்பும்போது அது வலப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் பம்ப் தூணை ஒட்டி நிறுத்திவிட்டு, கிளம்பியவுடன் எதிர்ப்பக்கம் திருப்புகிறவர்கள்தான் அந்தத் தூணில் இடிக்கிறார்கள். வண்டியின் உயரத்தைக் கூரைமேல் இருக்கும் ஏ.சி.யோடு சேர்த்து அளந்து, ஸ்டியரிங்குக்கு அருகில் எழுதி ஒட்டுங்கள். காருக்கான வழிகாட்டிச் செயலிக்கு உங்கள் உயரம் தெரியாது. கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வே போன்ற தாழ்ந்த பாலங்கள் உள்ள, பெரிய வண்டிகளை அனுமதிக்காத சாலைகளுக்குள் அது உங்களைத் தயங்காமல் அனுப்பிவிடும்.

ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத பெரிய வாகன நிறுத்துமிடத்துக்குப் போங்கள். தரையில் உள்ள கோட்டின் மீது பின்சக்கரம் வரும்படி வண்டியை ஒட்டி நிறுத்துங்கள். வாலின் ஓரத்தில் கணவரை ஒரு தண்ணீர் பாட்டிலை வைக்கச் சொல்லி, அவர் விலகி நின்றதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு, ஸ்டியரிங்கைப் பாட்டிலுக்கு எதிர்ப்பக்கமாக முழுவதும் திருப்பி மெதுவாக நகருங்கள். இறங்கிப் போய்ப் பாட்டில் எங்கே விழுந்திருக்கிறது, கோட்டிலிருந்து வால் எத்தனை அடி வெளியே போனது என்று நீங்களே அளந்து பாருங்கள். என் மனைவி அளந்தபோது எங்கள் வண்டியில் அது மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. இன்றும் பெட்ரோல் பங்கை விட்டுக் கிளம்பும்போது அவர் அந்த மூன்றடியை விட்டுத்தான் திருப்புகிறார்.