மழையில் யாரை நிறுத்துவது?

கேள்வி: ஜூலையில் வால்பாறைக்குக் குறும்படம் எடுக்கப் போனோம். நாலு நாளில் இரண்டு நாள் அடைமழை. "மழையோடு மழையாக எடுத்துவிடலாம்" என்றேன். லைட்மேன்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். வானமும் ஆட்களும் சேர்ந்து காலை வாரினால் இயக்குநர் என்னதான் செய்வது?
– இளம் இயக்குநர், கோவை

பதில்: வானம் உங்கள் காலை வாரவில்லை. வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிற மாதம் ஜூலை. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. கோவைக்காரரான உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

சரி, போயாயிற்று. கூரைக்கு அடியில் எடுக்கிற காட்சி ஒன்றைக் கையில் வைத்திருந்தீர்களா? மழை பிடித்ததும் யூனிட் அப்படியே உள்ளே போயிருக்கும். எஸ்டேட் வீட்டுத் திண்ணை போதும். மேகமூட்டத்துக்கும் பயப்பட வேண்டாம், முகங்களுக்கு அது இதமான வெளிச்சம். வெயில் வந்து வந்து போவதுதான் தொல்லை, ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் ஒட்டாது. அப்போது இடம் முழுக்கத் தெரிகிற வைட் ஷாட்டை முதலில் முடித்துவிடுங்கள். க்ளோசப்பை வெயிலுக்கு மறைப்பாகத் துணி கட்டிச் சமாளிக்கலாம். லேசான தூறலைப் பின்னாலிருந்து வெளிச்சம் விழாதவரை கேமரா அவ்வளவாகக் காட்டாது. நடிகரின் தலைமுடியும் சட்டையும் நனையாமல் பார்த்துக்கொண்டால் தூறலிலும் வேலை நடக்கும்.

ஆனால் உங்களுக்குப் பெய்தது தூறல் இல்லை. மாட்டோம் என்று லைட்மேன்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு படப்பிடிப்பில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வேனுக்கு ஓட, ஒரு லைட்மேன் மட்டும் கேபிள் இணைப்பைத் தரையிலிருந்து தூக்கிச் செங்கல் மேல் வைத்து, பாலிதீன் சுற்றி, சைக்கிள் ட்யூபால் இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். கணுக்கால்வரை தண்ணீர். ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லி அவர் இரண்டு முறை கத்திய பிறகுதான் யாரோ போய் நிறுத்தினார்கள். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்து அவர் உயிர் போயிருந்தாலும் போயிருக்கும். இன்றும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

இடி மின்னல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்தி எல்லாரையும் கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ அனுப்புங்கள். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தடியில் யாரையும் ஒதுங்கவிடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரக் கூடாது.

உங்கள் கடிதத்தில் ஒன்றைத் தேடினேன், காணவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளுக்கும் ஆட்களுக்குப் பேட்டா கொடுத்தீர்களா? இல்லை என்றால் முதலில் அதைக் கொடுங்கள். அப்புறம் ஜனவரி, பிப்ரவரியில் அதே லைட்மேன்களை அழைத்துக்கொண்டு வால்பாறைக்குப் போங்கள். காலை மூடுபனி விலகியதும் நீங்கள் கேட்ட வெயில் அங்கே இருக்கும்.