மாடு ஏன் கரிக்கட்டையாகிறது?

கேள்வி: திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் அறுவடை முடிந்த வயலில் மேயும் மாடுகளைப் பொழுது சாயும் நேரம் கைபேசியில் எடுக்கிறேன். வானம் நன்றாக வந்தால் மாடு கரிக்கட்டை; மாடு தெரிந்தால் வானம் வெளிறிப்போகிறது. ட்ரோன் வாடகைக்கு எடுத்தால் சரிவரும் என்கிறார் ஒருவர். எடுக்கலாமா?

பதில்: முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். மேலிருந்து பார்த்தால் மாட்டுக்குப் பின்னால் வானமா இருக்கும்? தரைதான் இருக்கும். ‘அனுமதியெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்பார்கள் ட்ரோனை வாடகைக்கு விடுகிறவர்கள். என்னிடம் ஒருவர் நீட்டியது வேறு யாருடைய பெயரிலோ இருந்த, காலாவதியான தாளின் நிழற்பிரதி! பக்கத்திலேயே சீனக்குடா விமானப்படைத் தளம் இருக்கிறது. விசாரணை வந்தால் வாடகைக்கு விட்டவர் மறைந்துவிடுவார். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முறைப்படி போனால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, பாதுகாப்பு அமைச்சு என்று ஒரு மாட்டுப் படத்துக்கு எத்தனை மேசை! அந்த அலைச்சலில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். போதாததற்கு, இரைச்சல் கேட்டுப் பட்டி மிரண்டு ஓடினால் பட்டிக்காரரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

சூரியனுக்கு எதிரே மாட்டின் நிறமும் வானத்தின் நிறமும் ஒன்றாக வராது. வானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு கறுப்பாகவே இருக்கட்டும். ஆனால் மாடாகத் தெரிய வேண்டும். திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பிறகு வயலில் குந்துங்கள். நின்றபடி எடுத்தால் மாட்டின் உடம்பு பின்னாலுள்ள பற்றையோடு ஒட்டிப்போகும். குந்தினால் கொம்பும் திமிலும் கழுத்தடியில் தொங்கும் தாடியும் வானத்தில் வெட்டினாற்போல் நிற்கும். மாடு பக்கவாட்டில் நிற்க வேண்டும். தலை புல்லுக்குள் இருந்தால் அது வெறும் பாறாங்கல். முதுகில் உண்ணிக்கொக்கு வந்து குந்தும், ஈ கடிக்கும், தலை நிமிரும். அந்த நொடிக்குக் காத்திருங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, நிலாவெளிக் கடற்கரை. அங்கே திரியும் மாடுகளைக் கடல் பின்னணியில் எடுக்கும்போது பொழுது உங்கள் முதுகுப்புறம் படுகிறது. மாட்டின் மேல் வெயில் நேரே விழும். செவலை செவலையாகவே வரும், கரிக்கட்டைப் பிரச்சினை இல்லை. வெளிச்சத்தைக் குறைக்கவும் வேண்டாம். ‘கடலில் சூரியன் இறங்கும் படம் வரவில்லையே’ என்று அங்கிருந்து எனக்கு எழுதுகிறவர்கள் கிழக்குக் கரையில் நிற்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கடலோடு சூரியன் வேண்டுமானால் விடியற்காலை எழும்ப வேண்டும். மாலையில் போவதென்றால் பொழுதுபட வெகு நேரம் முன்பே போய்விடுங்கள். பிந்தினால் பின்னாலுள்ள மரங்களின் நிழல் மாட்டையும் மணலையும் மூடிவிட்டிருக்கும்.