அதே பாறை, அதே இடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமேசான், மடகாஸ்கர், ஆப்பிரிக்கப் புல்வெளி என்று உலகின் காடுகளைத் தேடிப்போய்ப் படமெடுப்பவர்களைப் பார்த்து ஏங்குகிறேன். என்னிடம் இருப்பதோ அண்ணன் கொடுத்த பழைய கேமராவும் அதனுடன் வந்த 18–55 லென்ஸும்தான். இதை வைத்துக்கொண்டு இயற்கைப் படம் எடுக்க ஆசைப்படுவது வீண்தானா?
– கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: வீண் இல்லை. நீளமான லென்ஸ் பறவையைக் கண்ணருகே கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் அது எந்தப் பாறையில், எந்தத் தண்ணீருக்கு மேலே உட்கார்ந்திருந்தது என்பதைப் பச்சை மங்கலாக்கிவிடும். இன்று பெரும்பாலான உயிரினங்களுக்கு வந்திருக்கும் ஆபத்து அவற்றின் வாழிடம் பறிபோவதுதான். அந்த இடத்தைக் காட்ட உங்கள் 18–55 தாராளமாகப் போதும். கருவி போதவில்லை என்ற ஏக்கம் புதியதும் அல்ல. காட்டுயிர் ஒளிப்படத்தில் நமக்கு முன்னோடியான மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தாமே ஒன்றுசேர்த்த கருவியைத் தூக்கிக்கொண்டுதான் காடுகளில் அலைந்தார்.

இடத்தைக் காட்டும் படத்துக்கு வலிமை உண்டு. 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற ஒளிப்படக்காரர், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள், படம் பதிய அன்று பயன்பட்ட கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிக்கொண்டு போனார். பெரிய தகடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18க்கு 22 அங்குலம். அவர் பெரும்பாலும் எடுத்தது பாறை, அருவி, மரம் ஆகியவற்றையே. அந்தப் படங்கள் வாஷிங்டன்வரை போய்ச் சேர்ந்தன. 1864இல் அமெரிக்க அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென ஒதுக்கிப் பாதுகாத்தது. படத்தின் வலிமைக்கு இதைச் சான்றாகச் சொல்பவர்கள், அதன் மறுபாதியைச் சொல்லாமல் விடுவது எனக்கு உறுத்தும். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடியினரை, வாட்கின்ஸ் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே படையை விட்டு விரட்டியிருந்தார்கள். மனித வாடையே படாத காடு என்று நாம் ரசிக்கும் படங்கள் பலவற்றின் பின்னே இப்படி ஒரு கதை இருக்கிறது.

இடத்தைக் காட்டி அங்கே வாழும் மனிதரை மறைக்கும் அந்தப் பிழை உங்களுக்கு நேர வாய்ப்பில்லை, ஏனென்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட இடம் அது. ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து வடியும் நீரைப் பிடித்துவைக்கும் கண்மாய்கள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு என எல்லாமிருக்க, அதே குன்றில் சமணர் படுக்கையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றிய செய்தி வந்ததும் ஊர் ஊராக மக்கள் திரண்டதும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆடு மேய்ப்பவரையும் வயலில் நிற்பவரையும் வெட்டிவிட்டு இங்கே ஒரு படம் எடுத்தால் அது பொய்ப் படமாகத்தான் இருக்கும்.

செய்முறை எளிது. ஏதாவது ஒரு குன்றில் நிலையான ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கேமராவைத் தாங்கும் முக்காலியின் கால்கள் எங்கே நிற்கின்றன என்று நோட்டில் படம் வரைந்து, லென்ஸை எந்த எண்ணில் வைத்தீர்கள், ஒளி புகும் துளையின் அளவு என்ன (எஃப்/11ஆ), மணி என்ன என்பதையும் எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை அதே இடம், அதே உயரம், அதே கோணம். வெயில் ஏறிவிட்டால் கருங்கல் பாறை வெளுத்துத் தட்டையாகிவிடும். காலை ஏழு மணிக்குள் சாய்ந்த ஒளியில்தான் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகளும் பாசிப் படலமும் தெரியும். பிறகு குனிந்து பாருங்கள்: சுனை ஓரத்துக் கோரைத் தண்டில் ஒரு தட்டான் இருக்கும், நீர்மட்டம் போன மாதம் இருந்த இடத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளைக் கோடு இருக்கும். அந்தக் கோட்டையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். மூன்று ஆண்டுகள் இப்படிச் சேர்த்தால் உங்களிடம் இருப்பது ஓர் ஆவணம்; மடகாஸ்கர் போய் வந்தவரிடம்கூட அது இருக்காது.

கேள்வி: கடவூர்ப் பக்கம் இரவில் தேவாங்கைப் படமெடுக்க ஆசை. ஃபிளாஷ் பயன்படுத்தலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. மங்கலான வெளிச்சத்தையும் உள்ளே திருப்பியனுப்பிப் பயன்படுத்திக்கொள்ளும் படலம் அதன் கண்ணுக்குள் இருக்கிறது. அந்தக் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது கொடுமை. மேலும், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் நுழைந்து படமெடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

பகலில் எடுக்க வேண்டிய தேவாங்குப் படம் ஒன்று உண்டு. அதை யாரும் எடுப்பதில்லை என்பது என் குறை. தேவாங்கு குரங்கைப்போலத் தாவாது. கிளையைப் பற்றிப் பற்றித்தான் நகரும். சாலையை அகலப்படுத்தி இருபுறக் கிளைகளையும் வெட்டிய இடத்தில் மேலே தெரியும் அந்த வானத் துண்டுதான் அதற்குக் கடக்க முடியாத ஆறு. சாலை நடுவே வண்டி வராத நேரம் பார்த்து நின்று, அந்த இடைவெளியை அண்ணாந்து எடுங்கள்.

கேள்வி: கூட்டில் இருக்கும் பறவையை எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கலாம்? படத்துடன் ஊர்ப்பெயர் போடுவது தவறா?
– ஆசிரியை, சிவகங்கை

பதில்: தூரத்தைப் பறவைதான் சொல்லும். இறகு கோதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். உங்கள் மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஊர்ப்பெயர் விஷயத்தில் நான் சூடுபட்டவன். பல ஆண்டுகளுக்கு முன் பாறை இடுக்கில் குஞ்சுகளோடு இருந்த கொம்பன் ஆந்தையைப் படமெடுத்து, பெருமையாக இடத்தைக் குறிப்பிட்டு நண்பர்களுக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது பாறையின் கீழே ஏழெட்டுப் பேர் முக்காலியோடு நின்றார்கள். அதற்கடுத்த வாரம் இடுக்கில் எச்சத்தின் வெள்ளைத் தடம் மட்டுமே இருந்தது. இப்போது கூடு, ஆந்தை, நட்சத்திர ஆமை ஆகியவற்றுக்கு மாவட்டப் பெயருக்கு மேல் எழுதுவதில்லை. கைப்பேசி தானாகவே இடத்தைப் படத்துக்குள் பதிந்துவிடும். அனுப்பும் முன் அதையும் நீக்கிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயை ட்ரோனில் எடுத்தால் நன்றாக இருக்குமே?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: நன்றாக இருக்கும், தண்ணீர்ப் பறவைகள் மொத்தமும் எழுந்து பறந்துவிடும், அவ்வளவுதான். கோடையில் பறவை இல்லாத, வறண்ட கண்மாய் என்றால் விதிகளைப் பார்த்துக்கொண்டு பறக்கவிடலாம். மற்ற நாளில் கரைமேல் ஏறி, மடைத்தூண் படத்தின் ஓரத்தில் விழும்படி நின்று எடுங்கள். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்தத் தூணை வைத்தே ஊரில் எல்லோரும் படித்துக்கொள்வார்கள்.