அவர் மறைக்கவில்லையே

அன்புள்ள ஐயா,

என் நெருங்கிய நண்பருக்கு எச்ஐவி தொற்று இருக்கிறது. பல வருடங்களாக மருந்து சாப்பிடுகிறார். அண்மையில் அவருக்கு ஒரு துணை அமைந்திருக்கிறது. துணைக்குத் தொற்று இல்லை. எல்லாம் சொல்லித்தான் பழகுகிறார். இருவரும் ஆணுறையைக் கைவிட்டுவிட்டார்களாம், மருத்துவரே சம்மதித்தாராம். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தே இன்னொருவரை ஆபத்தில் தள்ளுவது பாவமில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாவம் என்ற சொல்லை இந்த விஷயத்தில் எடுக்காதீர்கள். உங்கள் நண்பர் எதையும் மறைக்கவில்லை; மருத்துவரைக் கேட்டு, துணையோடு பேசி முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவுக்கு அடிப்படையும் இருக்கிறது.

பதினான்கு ஐரோப்பிய நாடுகளில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஆண் இணைகளை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2019இல் வெளியானது. தொற்றுள்ளவர் மருந்தில் இருந்தார். மருந்து வைரஸை அடக்கியிருந்தது: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிரதிகளுக்கும் கீழ். ஆணுறை இல்லாத உறவு சுமார் 76,000 முறை. இடையில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் துணையிடமிருந்து வந்ததல்ல, எல்லாமே வெளி உறவில் வந்தவை.

நான் அஞ்சுவது, பரிசோதனையே செய்துகொள்ளாமல் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்பவரைக் குறித்துத்தான். தொற்றிய முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அப்போது பரிசோதனையில்கூடத் தெரியாமல் போகலாம். அவரை யாரும் குற்றம் சொல்வதில்லை. எச்ஐவி மாத்திரைப் புட்டியின் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பையின் அடியில் வைத்திருப்பவனைத்தான் விசாரிக்கிறோம்.

தொற்றுள்ள ஆண்களில் சிலர் உறவையே துறந்துவிடுகிறார்கள். மருந்து வைரஸை அடக்கிய பிறகும் தன் உடம்பை விஷமென்றே நினைப்பவர்கள் உண்டு. வேறு சிலர் தொற்றுள்ளவரையே துணையாகத் தேடுகிறார்கள். அங்கே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னதும் எழுந்து போய்விடுவாரோ என்ற பயமும் இல்லை. அந்த நிம்மதியை நான் மதிக்கிறேன். ஆனால் 'இனி என்ன வந்துவிடப் போகிறது' என்று ஆணுறையை விடும்போதுதான் மேகநோய் (சிபிலிஸ்), கொனோரியா போன்ற பால்வினை நோய்கள் வருகின்றன. எச்ஐவி உள்ள ஆண்கள் ஆண்களோடு கொள்ளும் உறவில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி பரவுவதும் பதிவாகியிருக்கிறது. எச்ஐவி மருந்து இவை எதையும் தடுக்காது. மேகநோய் அறிகுறியே காட்டாமல் கண்ணையும் நரம்பையும் தாக்கக்கூடியது. பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும், கண்டுபிடித்தால். முகம் சுளிக்கும் மருத்துவரிடம் யார் போய்த் தன் உறவுகளைப் பற்றிச் சொல்வான்? சொல்லாதவனுக்கு அந்தப் பரிசோதனையை யார் எழுதிக் கொடுப்பார்? எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

நண்பரிடம் கேட்க வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்: வைரஸ் அளவை கடைசியாக எப்போது பார்த்தார்? மாத்திரை விடுபடுகிறதா? நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும். பால்வினை நோய்களுக்கான பரிசோதனையை இருவருமே செய்கிறார்களா? இன்னும் மனம் துணியவில்லை என்றால், தொற்று வராமல் தடுக்கும் மாத்திரையைத் துணையும் எடுத்துக்கொள்ளலாம். அதை அவர் தன் மருத்துவரிடமே கேட்கட்டும்.